17 அங்குலச் சில்லும் 26 இறாத்தல் காற்றும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு வாரப் பதிப்பின் வாகனப் பக்கத்தில், பாரம் குறைந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்ட இன்னும் உற்சாகமானதாக ஆக்க மூன்று வேலைகள் சொல்லப்பட்டிருந்தன. 17 அங்குல அலோய் சில்லு பூட்டுவது, ஸ்பிரிங்கை மாற்றிக் காரின் பொடியை (உடலை) வீதியோடு தாழ்த்துவது, கையில் காசிருந்தால் டேர்போ போடுவது. கூடவே வந்த படமோ 1989இல் அறிமுகமான முதல் தலைமுறை மஸ்தா ரோட்ஸ்டர். ஜப்பானில் யூனோஸ் என்றும் வெளியே எம்எக்ஸ்-5 என்றும் விற்கப்பட்ட அதே கார். அந்தக் காரைக் கெடுக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. இங்கே இந்தக் கார்களின் தொகை சொற்பம். 2020 முதல் 2025 வரை இறக்குமதி அடைபட்டுக் கிடந்ததில் உதிரிப்பாகமும் நல்ல காரும் இன்னும் அருமையாகிவிட்டன. இருப்பதையாவது ஒழுங்காக வைத்திருக்க உதவட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஜப்பானில் விற்ற 1.6 லீற்றர் காரின் வலு 120 குதிரைவலு, எடை ஏறத்தாழ 940 கிலோ. நம் தெருவெல்லாம் ஓடும் மூன்றாம் தலைமுறை பிரியஸை விட 400 கிலோ அளவில் குறைவு. இரண்டாம் கியர் விகிதம் 1.888, பின் அச்சு விகிதம் 4.3, டயர் 185/60 14 (185 மில்லிமீற்றர் அகலம், சுவர் உயரம் அதில் 60 வீதம், 14 அங்குலச் சில்லு). இதை வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டாம் கியரில் நிமிடத்துக்கு 7,000 சுற்று வரை இழுக்கும்போது முள் மணிக்கு 90 கிலோமீற்றரைத் தாண்டுகிறது. மூன்றாம் கியரில் அதே சுற்றுக்கு 130. நம் சட்ட வேகம் நகருக்குள் 50, வெளியே 70, அதிவேக நெடுஞ்சாலையில் 100. அதாவது எந்த மாற்றமும் செய்யாத காரிலேயே மூன்றாம் கியரைக் கடைசிவரை இழுக்க இந்த நாட்டில் ஒரு வீதி கிடையாது. இதன் மேல் 60 குதிரைவலுவை ஏற்றினால் என்ன நடக்கும்? முன்பு இரண்டு கியர் மாற்றி, எஞ்சினைப் பாடவிட்டு எட்டிய வேகத்தை இப்போது காலை வைத்ததும் எட்டி, உடனே காலை எடுக்க வேண்டிவரும். ஓட்டும் வேலை குறைந்துவிட்டது. ஓட்டுவதற்காகத்தானே அந்தக் காரை வாங்கியது.

டயர் பிடிமானமும் இப்படியே. அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை என்று ஏறும் வளைவுகளில் 185 அகல டயர் 50, 60இலேயே பேசத் தொடங்கும். முன் சில்லு நழுவப் பார்ப்பதை ஸ்டியரிங்கின் பாரம் குறைவது காட்டிக்கொடுக்கும். பின்பக்கம் அமர்வதை முதுகு உணரும். 215 அகலத்தில் ஒட்டும் ரப்பரைப் போட்டால் இந்தப் பேச்சு இன்னும் கூடிய வேகத்தில்தான் ஆரம்பிக்கும், எதிரே லொறி வரும் வளைவில் அந்த வேகத்துக்கு யாரும் போக முடியாது. டொயோட்டா 2012இல் 86 காரை வெளியிட்டபோது அதற்குப் பிரியஸுக்குப் போடும் அதே வகை மிஷெலின் பிரைமசி டயரைப் பூட்டியது. பலர் கஞ்சத்தனம் என்றார்கள். வேண்டுமென்றே செய்தது அது. குறைந்த வேகத்தில் கார் அசைந்து கொடுக்கட்டும் என்பதே நோக்கம்.

சரி, அப்படியென்றால் எதையும் தொடக் கூடாதா? தொடலாம். தொட வேண்டும். 30 வயதுக் காரில் முதல் மாற்றம் என்பது அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கிட்டக் கொண்டுபோவது. அதில் பாதி இன்பம் திரும்பிவிடும்.

காற்றிலிருந்து தொடங்குங்கள். சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய அட்டையில் எழுதியிருக்கும்: நான்கு டயருக்கும் சதுர அங்குலத்துக்கு 26 இறாத்தல். பெற்றோல் நிலையத்தில் காற்றடிக்கும் தம்பி கேட்காமலே 32, 33 வைத்துவிடுவார், அவர் நாள் முழுக்கப் பார்ப்பது இதைவிட எடை கூடிய கார்களை. 940 கிலோவுக்கு 33 இறாத்தல் என்றால் டயரின் நடுப்பட்டிதான் வீதியில் படும். கான் மூடிகளின் மேல் கார் துள்ளும், மழைக்குப் பின் பேஸ்லைன் வீதியில் பிரேக் பிடித்தால் சறுக்கும். இதைத்தான் "சஸ்பென்ஷன் கடினம், ஷொக் மாற்ற வேண்டும்" என்று கராஜில் சொல்லி ஷொக்கை மாற்றிக்கொள்கிறார்கள். நூறு ரூபாய் வேலை ஒரு லட்சமாகிறது. காலையில், கார் ஓடுவதற்கு முன், சொந்த அளவுமானியால் அளந்து 26 வையுங்கள். 195/50 15 போட்டிருந்தால் 27, 28 வரை போகலாம். அப்படியே டயர்ச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கட்டை தேயாமலிருந்தாலும் ஆறேழு வருட டயர் நம் வெயிலில் பலகையாகிவிடும். அந்த டயரில் எந்த ஸ்பிரிங்கைப் போட்டும் பயனில்லை.

அடுத்தது ரப்பர் புஷ், சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளை. இந்தக் காரில் நான்கு சில்லுக்கும் இரட்டைக் கைச் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சில்லையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடிக்கும். மூலைக்கு மூலை புஷ்கள், 30 வருடத்தில் எல்லாமே வெடித்திருக்கும். மாற்றுகிறார்கள், ஆனால் மாற்றும்போது ஒரே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. காரை லிஃப்டில் தூக்கி, சில்லுகள் அந்தரத்தில் தொங்கும்போதே கையின் போல்ட்டுகளை இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுகுகிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால் கார் தரையில் நிற்கும்போதே அது முறுகிய நிலையில் நிற்கும். உயரம் ஒரு விரற்கடை கூடித் தெரியும், ஆறு மாதத்தில் ரப்பர் கிழியும். போல்ட்டுகளைக் கையால் மட்டும் பூட்டி, காரைச் சாய்தளத்தில் சில்லின் மேல் நிறுத்தி, இரண்டு தரம் அமுக்கி ஆட்டிவிட்டுத்தான் இறுக்க வேண்டும். கராஜ் பாஸ் சலித்துக்கொள்வார். பக்கத்தில் நின்று செய்வியுங்கள்.

அந்தக் கைகளில் சில்லுக்கு இரண்டாக மொத்தம் எட்டு எலைன்மென்ட் போல்ட்டுகள் (சில்லின் சாய்வையும் திசையையும் சரிசெய்பவை) உண்டு, வட்டத் தலையில் கோடுகள் போட்டவை. வருடக் கணக்காகத் திருப்பாமல் விட்டால் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். திருப்பினால் போல்ட் சுற்றாமல் ரப்பர் கிழியும், கடைசியில் வெட்டித்தான் எடுக்க வேண்டும். எலைன்மென்ட்டுக்குப் போகும் முன் நான்கைந்து நாள் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, புதியதைப் பூட்டும்போது தண்டுக்குக் கிரீஸ் பூசிவிட்டால் அடுத்தவர் வாழ்த்துவார். வீதிக்கு நல்ல அளவு: முன்னால் கேம்பர் (சில்லின் பக்கச் சாய்வு) மைனஸ் 1 பாகை, பின்னால் மைனஸ் 1.5, காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) 5க்குக் கிட்ட, முன் டோ (சில்லின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பும் அளவு) பூச்சியம், பின்னால் மொத்தம் 1 முதல் 2 மில்லிமீற்றர் உள்நோக்கி. பின் டோ வெளிநோக்கி இருந்தால் மழையில் பின்பக்கம் சொல்லாமல் வெளியேறும், இந்த இடத்தில் விளையாட்டு வேண்டாம். அளக்கும்போது சாரதி இருக்கையில் 70 கிலோ இருக்க வேண்டும், அரிசி மூட்டையும் சரிதான். தாங்கியில் பாதிப் பெற்றோல். இலேசான காரில் ஓர் ஆள் ஏறினாலே அளவு நகரும்.

இனித் தாழ்த்தும் கதை. இந்தக் காரின் ஷொக்கில் மேல் நோக்கிய ஓட்டம் ஏற்கெனவே குறைவு. 50 மில்லிமீற்றர் இறக்கினால், அல்லது பஞ்சிகாவத்தைப் பக்கம் சிலர் செய்வதுபோல ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால், கார் பம்ப் ரப்பரின் (ஷொக் கடைசிவரை அமுங்காமல் தடுக்கும் ரப்பரின்) மேல் உட்கார்ந்துவிடும். அதன் பின் ஸ்பிரிங் வேலை செய்வதில்லை. வளைவின் நடுவே ஒரு மேடு வந்ததும் ரப்பர் முட்டி, அந்தச் சில்லு ஒரு கணம் கட்டையாகி நழுவும். ஓட்டுபவர் "கார் ரேஸ் கார் மாதிரி இறுக்கம்" என்று நினைத்துக்கொண்டிருப்பார். சோதிக்க ஒரு கேபிள் டை போதும். ஷொக் தண்டின் தூசி உறையைத் தூக்கி, தண்டில் கேபிள் டையை இறுக்கிக் கட்டி, உடம்போடு ஒட்ட இறக்கி வையுங்கள். வழமையான வீதியில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து பாருங்கள். டை மேலே ஏறி பம்ப் ரப்பருக்குள் புதைந்திருந்தால் கார் அளவுக்கு மீறித் தாழ்ந்திருக்கிறது. இரண்டு விரல் இடைவெளி மிச்சமிருந்தால் நிம்மதி. அசல் முன் ஸ்பிரிங் மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 3 கிலோதான். இணையத்தில் விற்கும் கொயில் ஓவர்களில் (ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த தொகுதிகளில்) 8, 10 கிலோ இருக்கும், அவை வழவழப்பான ஓட்டத் தடத்துக்கானவை. தாழ்த்தியே ஆக வேண்டுமென்றால் 20, 25 மில்லிமீற்றரோடு நிறுத்தி, காசை நல்ல ஷொக்கில் போடுங்கள். சில்லின் மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதி வைத்தால் நான்கு மூலையும் சமமா என்று பிறகும் பார்க்கலாம்.

கார் வளைவில் பக்கவாட்டில் சரிகிறது என்று தடித்த அன்டிரோல் பார் தேடுவோரும் உண்டு. சரிவுதான் அந்தக் காரின் மொழி. 2015இல் வந்த நான்காம் தலைமுறையிலும் மஸ்தா அந்தச் சரிவை விட்டுத்தான் வைத்திருக்கிறது. பின்னால் மட்டும் தடித்த பார் போட்டவர்கள் முதல் மழையிலேயே அதன் விலையை அறிவார்கள்.

சில்லுக்கு வருவோம். 185/60 14 டயரின் விட்டம் 578 மில்லிமீற்றர். உங்கள் பக்கத்தில் சொன்ன 17 அங்குலத்துக்கு 205/40 போட்டால் 596. மூன்று வீதம் பெரிது, அதாவது எல்லாக் கியரும் மூன்று வீதம் நீண்டுவிட்டது. வலுக் கூட்ட நினைத்தவர் முதல் வேலையிலேயே வலுவை இழந்தார். அசல் 14 அங்குல அலோய் ஐந்தரைக் கிலோ அளவு. மலிவான 17 அங்குல வார்ப்புச் சில்லு 9, 10 கிலோ வரை போகும், அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே, சுழலும் எடை. டயர்ச் சுவர் 111 மில்லிமீற்றரிலிருந்து 82 ஆகிறது, நம் குழிகளுக்கு விளிம்பு வளையும். மாற்ற ஆசையிருந்தால் 15 அங்குலம், 6.5 அல்லது 7 அங்குல அகலம், 195/50. விட்டம் 576, கியர் மாறாது, டயரும் இங்கே கிடைக்கும். போல்ட் அளவு 4க்கு 100. நடுத் துளை 54.1. கடைச் சில்லின் துளை பெரும்பாலும் இதைவிடப் பெரிது, இடையில் வளையம் போடாவிட்டால் 90க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும், பலன்சிங்கை எத்தனை தரம் செய்தாலும் போகாது. நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் அறைய விடாதீர்கள். 100 நியூட்டன் மீற்றர் அளவில் டோர்க் ஸ்பனர் போதும்.

காசு குறைந்த, கையில் உடனே தெரியும் வேலை ஒன்று சொல்கிறேன். கியர் லீவருக்குக் கீழே தனி ஒயில் கிண்ணம் உண்டு, கியர்பொக்ஸ் ஒயிலோடு சேராதது. கியர்பொக்ஸ் ஒயிலை மாற்றும்போது அதை யாரும் நினைப்பதில்லை. லீவரைக் கழற்றி, கறுத்த பழசைச் சிரிஞ்சால் உறிஞ்சி, 75W-90 ஒயில் 80, 90 மில்லிலீற்றர் விட்டு, லீவரின் அடிக்குமிழைப் பிடிக்கும் நைலோன் கிண்ணத்தையும், கிழிந்திருக்கும் உள் ரப்பர் உறையையும் மாற்றுங்கள். உறை கிழிந்த காரில் கியர் குமிழ் சுடும், உள்ளே ஒயில் மணக்கும். மாற்றிய பின் கியர் துப்பாக்கிப் பூட்டைப் போல விழும். இதற்குப் பதிலாக விற்கும் குறுகிய லீவர் தேய்ந்த கிண்ணத்தில் இருந்தால் ஓட்டம் குறையும், முரட்டுத்தனம் கூடும்.

பிரேக்கில் பெரிய கலிப்பர் தேவையில்லை. ஈரப்பதன் மிகுந்த கொழும்பில் பிரேக் ஒயில் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். டொட் 4 புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகையில்தான் கொதிக்கும், ஈரம் ஏறினால் அந்த எல்லை 155க்கு இறங்கலாம். றம்பொடையிலிருந்து கம்பளைக்கு இறங்கும்போது பெடல் பஞ்சாவது இதனால். வருடத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள். வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் இடது பின் சில்லில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று காற்றை எடுங்கள். பின் பிரேக் பாட் மாற்றும்போது ஜி கிளாம்பால் பிஸ்டனை அமுக்கக் கூடாது. கலிப்பரின் பின்னால் மூடிப் போல்ட்டுக்குள் 4 மில்லிமீற்றர் அலன் திருகு இருக்கிறது, அதைத் திருப்பினால் பிஸ்டன் உள்ளே போகும். அமுக்கி உடைத்துவிட்டு ஹேன்ட்பிரேக் பிடிக்கவில்லை என்று கலிப்பர் தேடி அலைபவர்கள் அதிகம். ரேஸ் பாட் வாங்காதீர்கள், சூடாகாமல் அது கடிக்காது, கொழும்பின் காலி வீதி நெரிசலில் சூடாகவும் மாட்டாது.

எஞ்சினைப் பற்றிக் கொஞ்சமே சொல்கிறேன். போனட்டுக்குள் திறந்த கூம்பு வடிகட்டி வைத்தால் அது குடிப்பது ரேடியேற்றரின் பின்னாலிருந்து வரும் சூட்டுக் காற்று. சத்தம் கூடியதை வலு என்று காது நம்பிவிடுகிறது. இலவசமாகக் கொஞ்சம் உயிர் வேண்டுமென்றால் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) இருக்கிறது. அசல் 10 பாகை. டயக்னோஸ்டிக் பெட்டியில் டென் (TEN), கிரவுண்ட் (GND) என்று குறித்த முனைகளை ஒரு கம்பியால் இணைத்து, 850 சுற்றில் டைமிங் லைட்டால் பார்த்து, எஞ்சினின் பின்பக்கச் சென்சரைத் திருப்பி 14க்குக் கொண்டுபோகலாம். ஆனால் அதன் பின் 95 ஒக்டேன் மட்டும். 1.6இல் நொக் சென்சர் (எஞ்சின் தட்டுவதை உணரும் சென்சர்) இல்லை. 92 ஊற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏறும்போது தட்டும் சத்தம் கேட்டால் எஞ்சின் தன்னைத் தானே உடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், கணினி காப்பாற்ற வராது.

டேர்போ போட நினைப்பவர் முதலில் கிராங்க் புலியின் (கிராங்க் தண்டின் முனையில் பெல்ட் ஓடும் கப்பியின்) முகத்தைப் பார்க்கட்டும். நான்கு வெட்டு இருந்தால் அது 1991 நடுப்பகுதி வரை வந்த, முன்முனை குட்டையான குறுமூக்குக் கிராங்க். டைமிங் பெல்ட் மாற்றியவர் நடுப் போல்ட்டை ஒழுங்காக இறுக்காமல் விட்டால் சாவித்துளை தேய்ந்து புலி ஆடத் தொடங்கும். அந்தக் கிராங்கில் காசைக் கொட்டுவது வீண். எட்டு வெட்டு என்றால் மேலே போகலாம், ஆனால் 1.6இன் பின் டிஃப் (பின் சில்லுகளுக்கு வலுவைப் பகிரும் பகுதி) சிறியது, பின்னர் வந்த 1.8 லீற்றர் காரின் டிஃப், கிளச், ரேடியேற்றர் எல்லாம் கூட வேண்டிவரும். இந்த எஞ்சின் முன்சில்லு ஓட்டும் மஸ்தா ஃபெமிலியாவிலிருந்து வந்தது. நீட்டுவாக்கில் திருப்பி வைத்தபோது தண்ணீர் வெளியேறும் வாயைப் பின்னாலிருந்து முன்னுக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் நான்காம் சிலிண்டருக்குக் குளிர்ச்சி குறைவு. ஜப்பான் குளிரில் தெரியாதது கொழும்பில் 32 பாகையில், டேர்போவோடு, தெரியும். ரேடியேற்றரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பாகியிருந்தால் டேர்போவை மறந்து முதலில் அதை மாற்றுங்கள். எடை குறைக்கிறேன் என்று ஏசியைக் கழற்றுகிறவருக்குச் சித்திரை மாதத்தில் ஒரு கிழமை அவகாசம் கொடுங்கள், திரும்பப் பூட்டிவிடுவார்.

கூரைத் துணிக்குக் கீழே, சீட் பெல்ட் தூண்களின் அருகே இரண்டு வடிகால் துளைகள் உண்டு. அவை அடைபட்டால் மழைத் தண்ணீர் பக்கச் சட்டத்துக்குள் இறங்கி உள்ளிருந்து அரிக்கும். அரை லீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள், பின் சில்லுக்கு முன்னால் தரையில் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் புல்வெட்டும் நைலோன் நூலை விட்டுக் குடையுங்கள், இரும்புக் கம்பி ரப்பர்க் குழாயைத் துளைத்துவிடும். பற்றரியும் பின் டிக்கியில்தான் இருக்கிறது. சாதாரண ஈயப் பற்றரியை வாயுக் குழாய் இல்லாமல் வைத்தால் டிக்கித் தகட்டைத் தின்னும். அரித்த சட்டத்தில் அடிப்பகுதியை இறுக்கும் பிரேஸ் பூட்டுவது உளுத்த கதவுக்குப் பித்தளைத் தாழ்ப்பாள்.

சட்டப் பக்கமும் உங்கள் கட்டுரையில் விடுபட்டிருந்தது. எஞ்சின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். கட்டலிட்டிக் கொன்வேட்டரை அகற்றினால் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் காபன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகாபனும் காட்டிக்கொடுக்கும், வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாத மாற்றம், விபத்து நடந்த அன்று உங்களுக்கு எதிராகப் பேசும்.

கட்டுகுருந்தை ஓட்டத் தடத்துக்கோ நுவரெலியா மாகஸ்தோட்டை மலையேற்றத்துக்கோ போகிறவர்களின் கதை வேறு. அவர்களுக்கு ஒட்டும் டயரும் கடினமான ஸ்பிரிங்கும் ஒரு சில்லு மட்டும் வெறுமனே சுழல விடாத டோர்சன் டிஃப்பும், கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பாரும் வேண்டும், தலைக்கவசமும் போட்டிருப்பார்கள். அந்த ரோல் பாரோடு தலைக்கவசம் இல்லாமல் வெள்ளவத்தைக்கு மரக்கறி வாங்கப் போவதுதான் ஆபத்து, பின்னாலிருந்து ஒரு முச்சக்கரவண்டி இடித்தாலே மண்டை இரும்பில் மோதும்.

அடுத்த ஞாயிறு அந்தப் பக்கத்தில் 17 அங்குலச் சில்லின் விலைப்பட்டியல் வருமானால், அதன் அருகில் அந்தக் காரின் கதவுத் தூண் அட்டையையும் படமாகப் போடுங்கள். 26 என்ற எண் வாசிக்கத் தெரியும் அளவுக்குப் பெரிதாக.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13